கோணத்து லேத்துப் பட்டறையிலிருந்து விண்வெளித் தொழிலுக்கு: அனுமதி, ஆதரவு, காகித வேலை

போன ஆடி மாதம், சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், ஓர் இளைஞர் என் அலுவலகத்துக்கு வந்தார். பாலிடெக்னிக் முடித்தவர். நாகர்கோவில் கோணம் தொழிற்பேட்டையில் அப்பா நடத்திவந்த லேத்துப் பட்டறையில் கடன் வாங்கி ஒரு சி.என்.சி. மெஷின் இறக்கியிருக்கிறார். உட்காரும் முன்பே கேட்டார்: "அண்ணே, ராக்கெட்டுக்குச் சாமான் செய்யதுக்கு எங்கெ லைசென்ஸ் வாங்கணும்?"

"ஒரு லைசென்சும் வேண்டாம்" என்றேன். முகம் வாடிவிட்டது. இவ்வளவு பெரிய காரியத்துக்கு ஒரு லைசென்சுகூடக் கிடையாதா என்ற ஏமாற்றம்.

நான் விஞ்ஞானி இல்லை. கம்பெனிப் பதிவு, உரிமம், கணக்கு வழக்கு பார்ப்பவன். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இஸ்ரோ என்றால் சொந்தக்காரர் வீட்டுப் பேச்சு. சரக்கல்விளை சிவன் தலைவராக இருந்தார். மேலக்காட்டுவிளை நாராயணன் 2025 ஜனவரியில் அந்தப் பொறுப்புக்கு வந்தார். இஸ்ரோவில் வேலைக்குச் சேர்வது எப்படி என்று தெருவுக்கு நாலு பேர் சொல்லித்தருவார்கள். இஸ்ரோவுக்கு வெளியே நின்று விண்வெளித் தொழில் செய்ய அரசிடம் எதைக் கேட்கவேண்டும், எதைக் கேட்கத் தேவையில்லை என்பதைச் சொல்லத்தான் ஆளில்லை. அந்த இளைஞருக்கு மூன்று சாயங்காலம் உட்கார்ந்து சொன்னதை இங்கே வரிசைப்படுத்துகிறேன்.

படி 1: அரசு ஏன் நடுவில் நிற்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். இது புரிந்தால் மற்ற விதிகளில் பாதியை நீங்களே ஊகித்துவிடலாம்.

குளச்சலிலிருந்து போன ஒரு விசைப்படகு இன்னொருவர் வலையைக் கிழித்துவிட்டால் நஷ்டஈடு யார் கொடுப்பது? படகுக்காரர். கலெக்டர் கொடுக்கமாட்டார். விண்வெளியில் கலெக்டர்தான் கொடுக்கவேண்டும். 1967-ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கையின் 6-ஆவது பிரிவுப்படி, ஒரு நாட்டின் தனியார் விண்வெளியில் என்ன செய்தாலும் அதற்கு அந்த நாட்டின் அரசே பொறுப்பு. அதனால் அரசு முன்கூட்டியே அனுமதி கொடுக்கவேண்டும், பிறகும் கண்காணித்துக்கொண்டே இருக்கவேண்டும். 1972-ஆம் ஆண்டின் பொறுப்பு உடன்படிக்கை இன்னும் கறாரானது. உங்கள் பொருள் தரையிலோ பறக்கும் விமானத்திலோ விழுந்து சேதம் உண்டாக்கினால், தப்பு யார்மேல் என்ற கேள்வியே கிடையாது. ஏவிய நாடு கொடுக்கவேண்டும். மேலே, சுற்றுப்பாதையில் இரண்டு செயற்கைக்கோள்கள் மோதினால்தான் தப்பு யாருடையது என்று பார்ப்பார்கள்.

1978-இல் சோவியத் நாட்டின் காஸ்மோஸ் 954 கனடாவின் வடக்கே விழுந்தது. உள்ளே அணு உலை இருந்ததால் பனிக்காட்டில் கதிரியக்கத் துண்டுகளைத் தேடிப் பொறுக்கவேண்டியதாயிற்று. கனடா சுமார் 60 லட்சம் கனடா டாலர் கேட்டது. 1981-இல் 30 லட்சத்துக்குப் பேசி முடித்தார்கள். அது அரசின் செயற்கைக்கோள். நாளை நாகர்கோவில் கம்பெனி ஒன்றின் பொருள் விழுந்தாலும் கனடா டெல்லிக்குத்தான் கடிதம் போடும், கோணத்துக்கு அல்ல.

இன்னொரு முடிச்சும் உண்டு. 'ஏவும் நாடு' என்பது ராக்கெட் விட்ட நாடு மட்டுமல்ல. ஏவுதலைக் காசு கொடுத்து ஏற்பாடு செய்த நாடும் அதில் சேரும். ஆகவே, 'நான் அமெரிக்க ராக்கெட்டில் அனுப்புகிறேன், இந்திய அனுமதி எதற்கு' என்ற வாதம் எடுபடாது. அகமதாபாத்தின் அஜிஸ்டா பி.எஸ்.டி. நிறுவனத்தின் செயற்கைக்கோள் 2023 ஜூனில் ஸ்பேஸ்எக்ஸ் ராக்கெட்டில் போனது. அதற்கும் இந்திய அனுமதி வேண்டியிருந்தது.

படி 2: எந்தக் கதவு உங்களுடையது என்று தீர்மானியுங்கள்

2020 ஜூனில் மத்திய அரசு விண்வெளித் துறையைத் தனியாருக்குத் திறந்தது. அதற்காக உருவானதுதான், தனியாருக்கு அனுமதி கொடுக்கும் அரசு அமைப்பான இன்-ஸ்பேஸ். அகமதாபாத்தில் இருக்கிறது. இந்திய விண்வெளிக் கொள்கை 2023 ஏப்ரலில் வந்தது. அதை நடைமுறைப்படுத்தும் விதிமுறைத் தொகுப்பு 2024 மேயில் வந்தது. இதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. 2017-இல் ஒரு வரைவு மசோதா வெளியாகி அப்படியே நின்றது. கொள்கையையும் விதிமுறையையும் வைத்துத்தான் வண்டி ஓடுகிறது. சட்டத்தின் பலம் இல்லாத அனுமதிக்கு நீதிமன்றத்தில் எவ்வளவு மதிப்பு என்ற கேள்வி எனக்கு உண்டு. ஆனால் அதற்காகத் தொழில் காத்திருக்கமுடியாது.

கதவுகள் இவை.

பாகம் செய்து விற்பது: வால்வு உடல், பிராக்கெட், நாசில், மின்னணுப் பலகை. இவற்றைத் தரையில் செய்து விற்க இன்-ஸ்பேஸ் அனுமதி தேவையில்லை. விண்வெளிக்குப் போகும் பொருளை இயக்குகிறவருக்குத்தான் அனுமதி. நம் மாவட்டத்தில் பத்தில் ஒன்பது பேருக்கு இந்தக் கதவே போதும். வடக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் மகேந்திரகிரி. திருநெல்வேலி மாவட்டக் கணக்கில் இருந்தாலும் எஞ்சின் சோதனை நடக்கும் இடம் நம் வாசலில்தான். மேற்கே திருவனந்தபுரத்தில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஊரில் லேத்து வைத்துக்கொண்டு டெல்லியைப் பார்ப்பானேன்? இங்கே கேட்பது லைசென்ஸ் அல்ல, தரச் சான்று. ஏ.எஸ்.9100 என்ற விமான, விண்வெளித் தரச் சான்றும், உலோகத்தின் மூலம் எந்த ஆலை, எந்த வார்ப்பு என்று கடைசிவரை காட்டும் பதிவேடும் இருந்தால்தான் பெரிய கம்பெனிகள் பேசவே வரும். அப்பா காலத்துப் பட்டறையில் இல்லாதது இந்தப் பதிவேடுதான். கைவேலையில் குறை கிடையாது.

சோதனைக் கருவி அனுப்புவது: பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் கட்டம் வேலை முடிந்ததும் குப்பையாகப் போகாமல், 'போயம்' என்ற பெயரில் மேலேயே சில மாதங்கள் சோதனை மேடையாக நிற்கும். 2024 டிசம்பர் 30-இல் பறந்த பி.எஸ்.எல்.வி. சி-60-இன் போயம்-4-இல் 24 கருவிகள் இருந்தன. அவற்றில் 10 தனியாரும் கல்வி நிறுவனங்களும் அனுப்பியவை. சொந்தச் செயற்கைக்கோள் கட்டாமலேயே 'விண்வெளியில் வேலை செய்த பொருள்' என்ற பெயரை வாங்க இதுதான் மலிவான வழி. இன்-ஸ்பேஸ் அனுமதி வேண்டும்.

தரவு விற்பது: செயற்கைக்கோள் படம் வாங்கி, ரப்பர் தோட்டம், வாழை, கடலரிப்பு என்று ஆய்வுசெய்து விற்பது. 30 சென்டிமீட்டரைவிட நுணுக்கமான படம் என்றால் அனுமதி. அதைவிடக் குறைந்த நுணுக்கம் என்றால் சுலபமான பதிவு. வீட்டு மாடியிலேயே தொடங்கலாம்.

செயற்கைக்கோள், தரை நிலையம், ராக்கெட், ஏவுதளம்: முழு அனுமதி வேண்டும். இனி வரும் படிகளில் பல இவர்களுக்கானவை.

படி 3: கம்பெனியும் வெளிநாட்டுப் பணமும்

இந்தியாவில் பதிவான நிறுவனமாக இருக்கவேண்டும். வெளிநாட்டு மாமா முதலீடு செய்கிறார் என்றால் கவனியுங்கள். 2024 பிப்ரவரியில் அமைச்சரவை ஒப்புதல் தந்து, ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, பாகங்கள் செய்யும் தொழிலுக்கு 100 சதவீதம் வரை அந்நிய நேரடி முதலீடு தானியங்கி வழியில் வரலாம். செயற்கைக்கோள் தயாரித்து இயக்கவும், தரவுக்கும், தரை நிலையத்துக்கும் 74 சதவீதம் வரை. ராக்கெட், ஏவுதளத்துக்கு 49 சதவீதம் வரை. அதற்கு மேலே போனால் அரசின் முன் அனுமதி.

இந்த எண்களை ஒருமுறை ஏணி மாதிரி பாருங்கள். அரசின் தலையில் ஆபத்து ஏற ஏற வெளிநாட்டுப் பங்குக்கான இடம் குறைகிறது. வால்வு தப்பிப்போனால் அரசுக்குக் கடிதம் வராது. ராக்கெட் தப்பிப்போனால் வரும். படி 1 இங்கேயும் நிற்கிறது.

படி 4: இன்-ஸ்பேஸில் விண்ணப்பம்

எல்லாம் அவர்களுடைய இணையத்தளத்தில்தான். முதலில் நிறுவனத்தைப் பதிவுசெய்து, பிறகு ஒவ்வொரு பணிக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்கவேண்டும். சுற்றுப்பாதை, அலைவரிசை, ஏவும் ராக்கெட், பணி முடிந்தபின் பொருளை என்ன செய்வீர்கள், பணம் எங்கிருந்து வருகிறது, பங்குதாரர் யார் என எல்லாம் கேட்பார்கள். பல அமைச்சகங்களைச் சேர்ந்தவர்கள் உட்காரும் குழு அதைப் பார்க்கும். 75 முதல் 120 நாட்களுக்குள் முடிப்பதே அவர்கள் வைத்திருக்கும் இலக்கு. அது முழுமையான விண்ணப்பத்துக்கான கணக்கு. அரைகுறையாக அனுப்பினால் நாள் எண்ணத் தொடங்கவே மாட்டார்கள்.

சிறியவர்களுக்கு மட்டும்தான் இந்த வரிசை என்று நினைக்கவேண்டாம். செயற்கைக்கோள் வழி இணையம் தரும் ஸ்டார்லிங்க் நிறுவனமும் இதே இன்-ஸ்பேஸிடம்தான் 2025 ஜூலையில் ஐந்து வருட அனுமதி வாங்கியது.

படி 5: அலைவரிசையை முதல் நாளே தொடங்குங்கள்

செயற்கைக்கோள் கட்டுபவர்கள் கடைசியில் நினைப்பது இதை. கடைசியில் கழுத்தைப் பிடிப்பதும் இதுதான். பேசமுடியாத செயற்கைக்கோள் வெறும் தகரம். தொலைத்தொடர்புத் துறையில் அலைவரிசையைக் கவனிக்கும் டபிள்யூ.பி.சி. பிரிவு வழியாக, ஜெனீவாவிலுள்ள பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்துக்கு இந்தியாவின் பெயரில் மனு போகவேண்டும். மற்ற நாடுகள் 'எங்கள் அலைக்கு இடைஞ்சல்' என்று சொன்னால் பேசித் தீர்க்கவேண்டும். மனு போட்ட நாளிலிருந்து 7 ஆண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் இடம் போய்விடும்.

கல்லூரி மாணவர்கள், பொழுதுபோக்கு வானொலிக்காரர்களுக்கான ஹாம் ரேடியோ அலைவரிசையில் சின்னச் செயற்கைக்கோள் விடுவார்கள். நல்லது. அதே அலைவரிசையை வைத்து நாளை சேவை விற்கலாம் என்று நினைக்காதீர்கள். வியாபாரத்துக்கு அது கூடாது.

படி 6: எரிபொருளும் சோதனை மேடையும்

ராக்கெட் எஞ்சின் செய்கிறவர்களுக்கு மட்டும். உந்துபொருள் சேமிக்க, கொண்டுபோக, வெடிபொருள் பாதுகாப்புத் துறையான பெசோவின் உரிமம் வேண்டும். தென்னந்தோப்புக்கு நடுவில் ஷெட் போட்டு எஞ்சின் எரித்துப் பார்க்கலாம் என்று ஒருவர் என்னிடம் கேட்டார். இங்கே வீட்டுக்கு வீடு மதில் மட்டும்தான் இடைவெளி. இந்த மாவட்டத்தில் அந்த நினைப்பே வேண்டாம்.

அதற்குத்தான் மகேந்திரகிரி. இஸ்ரோவின் சோதனை மேடைகளைத் தனியார் கட்டணம் கட்டிப் பயன்படுத்தலாம். யாருக்கு எப்போது என்பதை இன்-ஸ்பேஸ் முடிவுசெய்யும். அந்த முடிவு மேடையை நடத்துகிறவரைக் கட்டுப்படுத்தும் என்று 2023 கொள்கையே சொல்கிறது. அரசு நிறுவனத்தின் கதவைத் தனியாருக்காகத் திறக்கச்சொல்லும் அதிகாரம் இன்னொரு அரசு அமைப்பிடம் இருக்கிறது. எனக்கு இந்தக் கொள்கையில் மிகவும் பிடித்த வரி அதுதான். ஸ்கைரூட் என்ற தனியார் நிறுவனம் 2022 நவம்பர் 18-இல் விக்ரம்-எஸ் ராக்கெட்டை விட்டதும், அக்னிகுல் என்ற இன்னொரு நிறுவனம் ஸ்ரீஹரிகோட்டாவுக்குள் சொந்த ஏவுமேடை கட்டி 2024 மே 30-இல் பறக்கவிட்டதும் இப்படித் திறந்த கதவு வழியாகத்தான்.

படி 7: காப்பீடும் குப்பையும்

நஷ்டஈடு முதலில் அரசின் தலையில் விழும் என்றேன். அரசு அதைச் சும்மா சுமக்குமா? ஈடுசெய்வதாக உங்களிடம் எழுதி வாங்கும், காப்பீடும் கேட்கும். அமெரிக்காவில் இதற்கு ஒரு சுமுகமான ஏற்பாடு உண்டு. ஏவும் நிறுவனம் அதிகபட்சம் 50 கோடி டாலர் வரை மூன்றாம் தரப்புக் காப்பீடு எடுத்தால் போதும். அதற்கு மேலான சேதத்தை ஒரு வரம்பு வரை அரசே ஏற்கும். கட்டுப்பாடும் ஊக்கமும் ஒரே ஷரத்தில் இருப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. நம் ஊரிலும் இப்படி ஒரு தெளிவான வரம்பு வந்தால் சின்னக் கம்பெனிகள் மூச்சுவிடும்.

குப்பை விஷயத்தில் உலகமே இறுக்கிக்கொண்டு வருகிறது. பூமிக்கு அருகே சுற்றும் தாழ்பாதைச் செயற்கைக்கோள் வேலை முடிந்து 5 ஆண்டுக்குள் கீழே வந்துவிடவேண்டும் என்று அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 2022-இல் விதி போட்டது. செயற்கைக்கோளை ஒப்புக்கொண்டபடி அப்புறப்படுத்தாத டிஷ் நிறுவனத்துக்கு 2023-இல் 1,50,000 டாலர் அபராதம் விழுந்தது. 2030-க்குள் குப்பையில்லாப் பயணங்கள் என்று இந்தியாவும் அறிவித்திருக்கிறது. வடிவமைப்பிலேயே இதற்கு இடம் விட்டுவிடுங்கள்.

படி 8: வரைபடத்தை மின்னஞ்சலில் தட்டிவிடாதீர்கள்

லைசென்ஸ் வேண்டாத பாகக்காரருக்கும் ஒரு கண்ணி உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு பட்டறைக்காரர், வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்டார் என்று எஞ்சின் பாகம் ஒன்றின் வரைபடத்தை அனுப்பிவிட்டார். பொருள் போகவில்லை, படம்தானே என்று நினைத்தார். ஏற்றுமதியில் 'ஸ்கோமெட்' என்ற கட்டுப்பாட்டுப் பட்டியல் இருக்கிறது. அதன் 5-ஆம் வகை முழுக்க வானூர்தி, விண்வெளிச் சாமான்கள். பொருள் மட்டுமல்ல, அதன் தொழில்நுட்பமும் பட்டியலில் வரும். அந்தப் பாகம் பட்டியலில் இல்லை என்று தெரியவரும்வரை இரண்டு மாதம் அவருக்குத் தூக்கமில்லை.

ராக்கெட்டும் ஏவுகணையும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதுதான் இதற்குக் காரணம். ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு அமைப்பில் இந்தியா 2016-இல் சேர்ந்தது. அந்தக் கூட்டத்தில் இருக்கும்போது ஏற்றுமதியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத்தான் பார்ப்பார்கள். வெளிநாட்டு விசாரணை எது வந்தாலும் முதலில் பட்டியல், பிறகு வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்ககத்தின் உரிமம், அப்புறம்தான் வரைபடம்.

படி 9: அரசின் பணம் எங்கே இருக்கிறது

மானியம் என்றதும் எல்லோரும் விண்ணப்பப் படிவம் தேடுகிறார்கள். இந்தத் துறையில் அரசு தரும் பெரிய ஊக்கம் மானியமல்ல, கொள்முதல். 2008 டிசம்பரில் நாசா, விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு கொண்டுபோக ஸ்பேஸ்எக்ஸுக்கு 12 பயணங்களுக்கு 160 கோடி டாலர், ஆர்பிட்டல் சயன்சஸ் நிறுவனத்துக்கு 8 பயணங்களுக்கு 190 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டது. ராக்கெட்டை நாசா வாங்கவில்லை. சரக்குக் கூலி கொடுத்தது. லாரி வாங்காமல் லோடுக்கு வாடகை பேசுவது மாதிரி. லாரிக்காரர் அதே லாரியை வேறு ஆளுக்கும் ஓட்டலாம். ஸ்பேஸ்எக்ஸ் வளர்ந்த கதை அதுதான். லக்சம்பர்க் வேறு ரகம்: விண்கல்லில் தோண்டியெடுத்தது தோண்டியவருக்குச் சொந்தம் என்று 2017-இல் சட்டமே போட்டுக் கம்பெனிகளை அழைத்தது.

இந்தியாவிலும் கொள்முதல் தொடங்கியிருக்கிறது. இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ், எல் அண்ட் டி கூட்டணிக்கு 5 பி.எஸ்.எல்.வி. கட்ட 860 கோடி ரூபாய்க்கு 2022-இல் ஒப்பந்தம் ஆனது. நம் கடற்கரைக்கு நெருக்கமான உதாரணம் படகு டிரான்ஸ்பாண்டர். 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த தூத்தூர், வள்ளவிளைப் படகுகளுக்குச் செய்தி சொல்ல வழியில்லை. அந்த வீடுகளில் அது இன்னும் ஆறாத புண். செல்போன் சிக்னல் இல்லாத இடத்தில் செயற்கைக்கோள் வழியாக இரு பக்கமும் குறுஞ்செய்தி அனுப்பும் கருவியை 1 லட்சம் படகுகளில் பொருத்த 364 கோடி ரூபாய்த் திட்டம் பின்னால் வந்தது. கருவி, ஆண்டெனா, பழுதுபார்ப்பு, படகுக்காரருக்குப் பயிற்சி எல்லாம் தொழில்தான். முட்டத்திலும் சின்னமுட்டத்திலும் உப்புக்காற்றில் கெட்டுப்போன கருவியை யார் பழுதுபார்ப்பது என்று கேட்டுப்பாருங்கள். உங்கள் முதல் வியாபாரம் அங்கே இருக்கலாம்.

இனி நேரடிப் பணம். 2024 அக்டோபரில் விண்வெளி நிறுவனங்களுக்கு 1,000 கோடி ரூபாய்த் துணிகர முதலீட்டு நிதிக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது. சுமார் 40 நிறுவனங்களை மனதில் வைத்த நிதி அது. தொடக்க நிலைக்கு இன்-ஸ்பேஸின் விதை நிதி 1 கோடி வரை. தனியார் ஏவுதல் சேவைக்கு 2023-இல் ஜி.எஸ்.டி. விலக்கு கிடைத்தது.

தமிழக அரசின் விண்வெளித் தொழிற்கொள்கை 2025 ஏப்ரலில் வந்தது. ஐந்தாண்டில் 10,000 கோடி ரூபாய் முதலீடு என்பது இலக்கு. ஆராய்ச்சி மையம் அமைப்பவர்களுக்குச் சம்பளச் செலவில் முதலாண்டு 30, அடுத்து 20, பிறகு 10 சதவீதம் அரசு தரும். தூத்துக்குடி, திருநெல்வேலி உள்ளிட்ட மாவட்டங்களில் 'விண்வெளித் தொழில் வளாகம்' என்று சில பகுதிகளை அறிவித்துத் தனிச் சலுகை கொடுக்கிறார்கள். இடம் வாங்கும் முன் அந்தப் பட்டியலில் உங்கள் ஊர் இருக்கிறதா என்று அரசாணையில் பாருங்கள். மாவட்ட எல்லையை ஒட்டிய காவல்கிணறுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் சலுகை மாறலாம்.

படி 10: குலசையைக் கணக்கில் எடுங்கள்

குலசேகரப்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டினார்கள். மதிப்பீடு 986 கோடி. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட் இலங்கைக்குமேல் பறக்காமல் வளைந்து போகவேண்டும். சின்ன ராக்கெட்டுக்கு அந்த வளைவிலேயே நிறைய எரிபொருள் வீணாகும். குலசையிலிருந்து நேரே தெற்கே கடல்தான். அங்கே பறக்கப்போகும் இஸ்ரோவின் சின்ன ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி.யின் தொழில்நுட்பத்தை 511 கோடிக்கு இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் 2025 ஜூனில் ஏலத்தில் எடுத்தது. அதாவது, பாகம் வாங்கப்போகிறவர் இனி இஸ்ரோ மட்டுமல்ல.

அந்தக் கடலில் நம் படகுகளும் உண்டு. ஏவும் நாளில் எந்தப் பகுதிக்குப் போகக்கூடாது என்ற எச்சரிக்கை ஆழ்கடலில் ஏற்கெனவே பத்து நாளாக இருக்கும் படகுக்கு எப்படிப் போய்ச் சேரும், தொழில் நின்ற நாளுக்கு என்ன ஈடு என்று மீனவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அனுமதி கொடுக்கும் மேசையில் இதற்கும் ஒரு நாற்காலி போடவேண்டும் என்பது என் கட்சி.

அந்த இளைஞர் தரச் சான்று ஆலோசகரைப் பிடித்துவிட்டார். சென்ற மாதம் ஒரு கம்பெனிக்கு மாதிரியாக இருபது வால்வு உடல்கள் செய்து அனுப்பினார். பதினேழு தேறின, மூன்று திரும்பி வந்தன. உள்விட்டத்தில் பத்து மைக்ரான் கூடுதல். திரும்பி வந்த மூன்றையும் என் மேசையில் வைத்து, "அண்ணே, இதையும் ரிஜிஸ்டர்ல எழுதணுமா?" என்று கேட்டார். முதல் பக்கத்திலேயே எழுதச் சொன்னேன்.